தோட்டத்துக் கதை சொன்னால் பிள்ளைகள் வாடிவிடுவார்களா?

சிறுவர்களுக்கு வரலாற்றுக் கதை எழுத வேண்டும் என்று மலேசியத் தமிழரில் யார் பேனாவை எடுத்தாலும் முதலில் வந்து நிற்பவன் ராஜேந்திர சோழன்தான். கப்பல் புறப்படும், கடாரம் விழும், புலிக்கொடி பறக்கும், கதை முடியும். ஜொகூரிலும் இதே நிலைதான். சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் இது. அவற்றில் பல ரப்பர் தோட்டத்துக்குள் பிறந்தவை. தோட்டம் போனபின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்பவை. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கையில் எடுக்கும் வரலாற்றுக் கதையில் தோட்டம் வருவது அரிது. ஏன் என்று கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெருமிதம் ஊட்ட வேண்டும், அழவைக்கக் கூடாது என்பார்கள். கூலிப் பிரச்சினையும் வேலைநிறுத்தமும் அரசியல், அதெல்லாம் பெரியவர்களுக்கு என்பார்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிப் பிழைத்தவர் வாழ்க்கையில் கதையாக்க என்ன இருக்கிறது என்றும் கேட்பார்கள். இதைச் சொல்பவர்கள் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். இருந்தும், இந்தக் கருத்து முழுவதும் தவறு என்பதே என் வாதம். அதை மறுக்க வெறும் ஊகம் தேவையில்லை. இதே கருத்து இங்கிலாந்தில் கோலோச்சிய காலத்தில் அதை எதிர்த்துப் புறப்பட்டு, 60 ஆண்டுகள் சிறுவர்களுக்காக எழுதிய ஒருவரின் வாழ்வும் பணியும் சான்றாக நிற்கின்றன. அவர் பெயர் ஜெஃப்ரி ட்ரீஸ்.

ட்ரீஸ் 1909இல் நாட்டிங்ஹாமில் ஒரு மதுவணிகரின் மகனாகப் பிறந்தார். ராபின் ஹூட் திரிந்ததாகச் சொல்லப்படும் ஷெர்வுட் காடு அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வியல் படிக்க உதவித்தொகை கிடைத்தும், ஓராண்டிலேயே விட்டுவிட்டு லண்டனின் ஏழைகள் வாழ்ந்த கிழக்குப் பகுதிக்குப் போனார். அவர் சிறுவனாக இருந்தபோது வாசிக்கக் கிடைத்த வரலாற்றுக் கதைகளுக்கெல்லாம் ஒரே வார்ப்புதான். உள்நாட்டுப் போர் என்றால் மன்னர் பக்கம் நின்றவர்கள் அழகர்கள், பாராளுமன்றத்தார் முரடர்கள். பிரெஞ்சுப் புரட்சி என்றால் பிரபுக்கள் பாவம். பசித்து எழுந்த மக்கள் வெறிக்கூட்டம். குடியானவன் கதைக்குள் வந்தால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அல்லது எஜமானுக்காகச் சாவான். இந்த வார்ப்பின் பெரிய ஆசாரி ஜி.ஏ. ஹென்டி. 1832இல் பிறந்து, போர்ச் செய்தியாளராக இருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைச் சிறுவர்களுக்காக எழுதிக் குவித்து 1902இல் இறந்தவர். பிரிட்டிஷ் பேரரசின் பல தலைமுறைச் சிறுவர்களுக்கு வரலாற்றைக் கற்றுக்கொடுத்தது அவருடைய கதைகள்தான்.

ஹென்டியை நாம் தள்ளி நின்று பார்க்க முடியாது. அவர் எழுதியது நம்மைப் பற்றியும்தான். 1884இல் அவர் ராபர்ட் கிளைவ் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். ஆர்க்காட்டு முற்றுகை அதில் ஓர் ஆங்கிலச் சிறுவனின் சாகசக் களம். 1896இல் திப்பு சுல்தானை வைத்து இன்னொன்று. சிறைப்பட்ட தந்தையைத் தேடி ஓர் ஆங்கில இளைஞன் மைசூருக்குள் நுழைகிறான், திப்பு கொடுங்கோலனாக வருகிறார். இவற்றைப் படித்த லண்டன் பையனுக்கு ஆர்க்காட்டில் யார் வாழ்ந்தார்கள், அவர்கள் என்ன உண்டார்கள், படை வந்தபோது எந்த வயல் மிதிபட்டது என்ற கேள்வி எழுந்திருக்க வழியில்லை. ஊர் என்பது வெல்வதற்காகக் காத்துக் கிடக்கும் இடம் என்றே அவன் கற்றான். இப்போது நம் கடாரக் கதைகளைத் திறந்து பாருங்கள். ஆங்கிலச் சிறுவன் இருந்த இடத்தில் சோழத் தளபதியின் மகன். ஆர்க்காடு இருந்த இடத்தில் கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு. கொடி மாறியிருக்கிறது, வார்ப்பு மாறவில்லை. நம்மை அடக்கி ஆண்டவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்ட கதையின் சட்டகத்தைக் கடன் வாங்கி, அதற்குள் நம் மன்னனை உட்கார வைத்துவிட்டு, இதுதான் தமிழ்ப் பெருமிதம் என்கிறோம்.

ட்ரீஸ் இந்தச் சட்டகத்தை 1934இல் உடைத்தார். அப்போது அவருக்கு வயது 25 கூட நிறைந்திருக்கவில்லை. மார்ட்டின் லாரன்ஸ் என்ற இடதுசாரிப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய முதல் சிறுவர் நாவலில் ராபின் ஹூட் வருகிறான். ஆனால் அரசனுக்கு விசுவாசமான குறும்புக்காரனாக வரவில்லை, பிரபுக்களுக்கு எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டுபவனாக வருகிறான். கதை டிக்கன் என்ற பண்ணையடிமைச் சிறுவனின் கண்வழியாக நகர்கிறது. அரசனின் மானைக் கொன்றதற்காக உயிருக்குப் பயந்து காட்டுக்குள் ஓடுபவன் அவன். முடிவில் எழுச்சி தோற்கிறது, ராபின் ஹூடும் இறக்கிறான். அதே ஆண்டில், வேல்ஸ் நாட்டுச் சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் 1839இல் வாக்குரிமை கேட்டு எழுந்ததைப் பின்னணியாக வைத்து இரண்டாவது நாவலும் வந்தது. தோல்வியில் முடியும் கதை, கூலிக்காரர் நாயகராக இருக்கும் கதை, ஆட்சியை எதிர்க்கும் கதை: சிறுவருக்கு ஆகாது என்று இன்று நாம் சொல்லும் எல்லாமே இவற்றில் இருந்தன. முதல் நூல் மறுபதிப்புகள் கண்டது, வேற்று மொழிகளுக்குப் போனது. சோவியத் ஒன்றியத்தில் அது விற்ற பணத்தை வெளியே எடுத்துவர முடியாததால், 1935இல் ட்ரீஸ் மனைவியுடன் அங்கே போய்த் தங்கிச் செலவழித்தார். 1998இல் அவர் இறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் இருந்தன. பிள்ளைகள் ஒதுக்கிய எழுத்தாளர் ஒருவருக்கு இப்படி நடப்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். இது கதையல்ல, பிரசாரம். ஒரு பக்கத்துப் பொய்க்குப் பதில் மறுபக்கத்துப் பொய் என்பார்கள். ட்ரீஸின் முதல் நூலைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. 12ஆம் நூற்றாண்டுக் காட்டு மனிதர்கள் 1930களின் தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோல் ஒருவரையொருவர் தோழர் என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதைக் கண்டு திருத்தியவரும் அவரே. பின்னால் வந்த பதிப்புகளில் முழக்கங்களைக் களைந்தார். அவருடைய வளர்ச்சியை அறிய 1940இல் வந்த, எலிசபெத் ராணி காலத்து நாவலைப் பார்க்க வேண்டும். ஊர்ப் பொதுநிலத்தைச் சுற்றி ஒரு பெரிய நிலக்கிழார் சுவர் எழுப்புகிறார். இரவில் ஊரார் திரண்டு போய் அதை இடிக்கிறார்கள். காவலுக்கு நின்ற பீட்டர் என்ற சிறுவன் நிலக்கிழார் மேல் கல்லெறிந்துவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறான், நாடகக் குழுவில் சேர்கிறான், லண்டன் போகிறான், ஷேக்ஸ்பியரைச் சந்திக்கிறான், ராணியைக் கொல்லும் சதியைக் கண்டுபிடிக்கிறான். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டமும் ஒளிவும்தான். ஆனால் கதையின் வேர் அந்தச் சுவரில் இருக்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்வியை ஒரு வாக்கியத்தில்கூடப் பாடமாகச் சொல்லாமல், ஒரு பையன் கையில் ஒரு கல்லைக் கொடுத்துச் சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் பலமுறை அச்சாகி, கனடாவில் பள்ளி வகுப்புகளிலும் பல்லாண்டு படிக்கப்பட்ட நூல் அது. பிரசாரமாகிவிடும் என்ற அச்சத்துக்கு விடை, நன்றாக எழுதுவதுதான். எழுதாமல் இருப்பது விடையாகாது. சோழன் கதை பிரசாரமில்லையா என்ற கேள்வியையும் இங்கேயே வைத்துவிடுகிறேன்.

அந்தக் கல்லுக்கு ஈடான காட்சி நம் வரலாற்றில் இல்லையா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது, மருத்துவ வசதி இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கல்வி இருக்கிறது. அவற்றோடு, தோட்டத்துரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் உரிமையும் கேட்கப்பட்டிருக்கிறது. ஒரு 12 வயதுப் பையன், அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு செம்மண் பாதையில் வருகிறான்; எதிரே துரையின் கார்; இறங்குவதா, ஓட்டுவதா? இதைவிடப் பெரிய நெருக்கடியை எந்தப் போர்க்களத்தில் தேடுவது? அந்தப் பையனுக்கு வாள் வேண்டாம், குதிரை வேண்டாம். வாசிக்கும் பிள்ளைக்கோ மூச்சு நின்றுவிடும், ஏனென்றால் சைக்கிளிலிருந்து இறங்குவது என்னவென்று அதற்குத் தெரியும். கிள்ளான் சிலாங்கூரில் இருக்கிறதே என்று ஜொகூர்க்காரர் ஒதுங்க வேண்டியதில்லை. கூலாயிலும் ரெங்கத்திலும் குளுவாங்கிலும் லாபிஸிலும் சிகாமட்டிலும் இருந்தது விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான அதே பெரட்டு, அதே கங்காணி, அதே கிராணி. 1920களின் இறுதியில் பல பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாட்கூலி நிர்ணயமானது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைந்தது. ஒரே நிரையில் நின்று ஒரே மரத்தை வெட்டினாலும் அம்மாவுக்கு ஏன் 10 காசு குறைவு என்று கேட்கும் ஒரு சிறுமி போதும், ஒரு நாவலைத் தொடங்க.

பிள்ளைகள் சோகத்தைத் தாங்கமாட்டார்கள் என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்பவர்கள் மனத்தில் இருப்பது சயாம் மரண ரயில். 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை, சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போடவைத்த 415 கிலோமீட்டர் தண்டவாளம். அதில் வதைபட்ட ஆசியத் தொழிலாளர் 1,80,000க்கும் மேல், இறந்தவர் 90,000 வரை என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். ஆர். சண்முகம் 1993இல் இதை நாவலாக்கினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ எழுதினார். இரண்டும் பெரியவர்களுக்கானவை. அந்த முகாம்களின் காலராவையும் பிணக்குழிகளையும் அப்படியே பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்த வரலாற்றுக்கு இன்னொரு பாதி உண்டு. அது தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் நடந்தது. அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபின் அங்கே இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கு உணவானது. துணி இல்லை, சாக்கு உடையானது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுக்கு ஒன்றும் வாங்க முடியவில்லை. ஜொகூர் வழியே ஓடி கெமாஸ்வரை போகும் ரயில் பாதை, ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்க் கூலிகளின் உழைப்பும் சேர்ந்து உருவானது. அதே பாதையில்தான் ஆட்கள் வடக்கே கொண்டுபோகப்பட்டார்கள். தம்பிக்குக் கிழங்கு தேடும் ஓர் அக்காளின் கதை, ஒவ்வொரு ரயில் சத்தத்துக்கும் படலைத் திறக்கும் ஒரு பிள்ளையின் கதை, சிறுவருக்கே உரிய கதை. சாவைக் காட்டாமல் இழப்பைச் சொல்ல முடியும். சிறுவர் இலக்கியத்தின் திறமையே அங்கேதான் இருக்கிறது. சோழன் கதையில் தலைகள் உருளும்போது பிள்ளைகள் தாங்குவார்கள், தம் பூட்டனின் பசியை மட்டும் தாங்கமாட்டார்கள் என்று கருதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். சிறுபான்மையாக வாழும் பிள்ளைகளுக்கு, நாம் கூலிகளாக வந்தவர்கள் என்ற எண்ணமே தலையைக் குனியவைக்கிறது; ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஆளவந்தோம் என்று சொன்னால்தான் நிமிர்வார்கள் என்பது அது. இந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்து தவறு. தலை குனிவதற்குக் காரணம் பூட்டன் பால்மரம் வெட்டியது இல்லை. அதை வெட்கப்பட வேண்டிய செய்தியாக நாமே மூடி வைத்திருப்பதுதான். காட்டை அழித்து, மலேரியாவில் மடிந்து, சாலையும் ரயிலும் போட்டு, இந்நாட்டின் ரப்பரை உலகச் சந்தையில் நிறுத்திய மக்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கதையைத் தாண்டிக் குதித்துச் சோழனிடம் போகும்போது, இடையில் இருக்கும் ஐந்து தலைமுறையும் சொல்லத் தகாதது என்று பிள்ளைக்கு நாமே கற்பிக்கிறோம். பிள்ளை வீட்டுக்கு வந்து பாட்டியைப் பார்க்கிறது. பாட்டியின் விரலில் உளிக் காயத் தழும்பு. சோழ இளவரசிக்கும் இந்தப் பாட்டிக்கும் என்ன தொடர்பு என்று கதை சொல்லவில்லை. பெருமிதம் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது.

சோழர் படையெடுப்பையே எடுத்துக்கொள்வோம். ஜொகூர்ப் பிள்ளைக்கு அது எப்படிச் சொல்லப்பட வேண்டும்? தஞ்சைக் கல்வெட்டு ராஜேந்திரன் கொண்ட ஊர்களைப் பட்டியலிடுகிறது. 1025ஐ ஒட்டிய படையெடுப்பு அது. மலாய் மக்களின் செஜாரா மெலாயு இதே நினைவை வேறு விதமாக வைத்திருக்கிறது. அதில் ராஜா சூரான் என்ற பேரரசன் படையோடு வருகிறான்; ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை ஒன்று இருக்கிறது; அதன் அரசன் ராஜா சூலின் போரில் சாகிறான்; அவன் மகளை வென்றவன் மணக்கிறான். கதை அத்தோடு நிற்பதில்லை. ராஜா சூரான் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்குகிறான், கடலரசனின் மகளை மணக்கிறான், அந்த வழியில் வந்தவர்களே மலாக்கா அரச மரபின் முன்னோர் என்று அந்நூல் சொல்கிறது. படையெடுத்தவனே மூதாதையுமாகிறான். 2005இல் ஜொகூர்க் காட்டுக்குள் கோத்தா கெலாங்கி என்ற மறைந்த நகரம் இருக்கக்கூடும் என்று நாளேடுகள் எழுதியபோது, இந்தக் கருங்கல் கோட்டைதான் மீண்டும் பேசப்பட்டது. ஒரு சிறுவர் நாவலுக்கு இதைவிட அருமையான பொருள் இருக்க முடியாது. ஆனால் புலிக்கொடிக் கதையில் கருங்கல் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு முகமே இல்லை. பக்கத்து இருக்கையில் அமரும் மலாய்த் தோழனின் கதைமரபில் அந்தக் கோட்டைக்குள் ஓர் அரசனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு அவர்களைத் தெரியாமல் வைத்துவிட்டு வரலாறு சொன்னோம் என்று எப்படிக் கூறுவது?

மன்னர்களைத் துரத்திவிட வேண்டும் என்பதும் என் கட்சியில்லை. ட்ரீஸின் கதைகளிலும் ராணியும் அமைச்சரும் வருகிறார்கள். ஆனால் அவர்களைக் கீழே நிற்கும் ஒரு பிள்ளையின் கண் பார்க்கிறது. அதே முறையில், நாகப்பட்டினத்துக் கலத்தச்சனின் மகன் ஒருவன் படையோடு கப்பலேறிவரட்டும். அவனுக்குக் கடல் நோய் வரட்டும். கோட்டை விழும்போது எதிர்ப்பக்கத்தில் தன் வயதுப் பிள்ளை ஒன்று ஓடுவதை அவன் பார்க்கட்டும். ராஜேந்திரன் பெருமை இதனால் குறைந்துவிடாது. கதை மட்டும் உயிர்பெறும்.

நடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ட்ரீஸ் முதல் நூலிலிருந்தே செய்த பெரிய புரட்சி, பழங்கால மனிதர்களை வீட்டில் பேசுவதுபோல் பேசவிட்டது. அதுவரை வரலாற்றுக் கதை என்றாலே பாத்திரங்கள் செயற்கையான பழங்கால மொழியில் முழங்க வேண்டும் என்றிருந்தது. 1949இல் சிறுவர் நூல்களை ஆராய்ந்து அவர் எழுதிய திறனாய்வு நூலும் இத்தகைய போலித்தனங்களைத்தான் சாடியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது அதன் உயிரே வந்தியத்தேவனின் துடுக்கான பேச்சில்தான் இருந்தது. அதைப் பின்பற்றி எழுதுவதாகச் சொல்பவர்கள் துடுக்கை விட்டுவிட்டு முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விளைவு, வரலாறு என்றால் யாரும் பேசாத தமிழ் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தோட்டத்துக் கதையில் இது நடக்கவே முடியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அம்மா, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, காண்டா வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர்க் காடான தீம்பாருக்குள் இறங்குகிறாள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரப்பட்டையைச் சீவி, பால் வடியும் கோப்பையான மங்கைத் துடைத்து வைக்கிறாள். மழை தூறினால் அன்றைய பாலும் போச்சு, கூலியும் போச்சு. இவளைச் செந்தமிழில் முழங்கவைக்க எந்த எழுத்தாளருக்கும் மனம் வராது. பள்ளித் தமிழ் கெட்டுவிடும் என்று ஆசிரியர் சிலர் அஞ்சலாம். உரையாடல் பேச்சுத் தமிழிலும் விவரிப்பு நல்ல எழுத்துத் தமிழிலும் இருப்பது தமிழ்ப் புனைகதையில் நூறாண்டு வழக்கம். அது சிறுவருக்கு மட்டும் ஆகாமல் போய்விடாது.

பெண்பிள்ளைகளைப் பற்றி ட்ரீஸ் எடுத்த நிலையும் நமக்குப் பாடம். சிறுவன் சாகசம் செய்வான், சிறுமி காப்பாற்றப்படுவாள் என்ற ஏற்பாட்டை அவர் ஏற்கவில்லை. 1940 நாவலில் கிட் என்ற பெண், ஆணுடையில் நாடக மேடையேறி, சதியை முறியடிப்பதில் பீட்டருக்குச் சமமாக நிற்கிறாள். நமக்கு ஆண்வேடம்கூடத் தேவையில்லை. 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை தொடங்கப்பட்டபோது, கேப்டன் லட்சுமி தலைமையில் துப்பாக்கி ஏந்தியவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன இளம்பெண்கள். பள்ளி வாசலை மிதிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். பால்வாளி தூக்கிய கை துப்பாக்கி தூக்கியது ஏன், வீட்டில் யார் தடுத்தார்கள், போர் தோற்றுத் திரும்பி வந்தபின் மீண்டும் அதே நிரைக்குத்தான் போனாளா? பெண்பிள்ளைகளைச் சோழ இளவரசிகளாகவே கற்பனை செய்யும் நம் கதைகளுக்கு இந்தக் கேள்விகள் எட்டவேயில்லை.

எழுத்தறியாத மக்களின் வரலாற்றுக்கு ஆதாரம் ஏது, கதை என்ற பெயரில் கட்டிவிடுவார்கள் என்ற ஐயத்தையும் கேட்கிறோம். ஐயம் நியாயமானது, ஆனால் அது மன்னர் கதைக்கும் பொருந்தும். சோழனின் அரண்மனை உரையாடலுக்கு எந்தக் கல்வெட்டு ஆதாரம்? சிறுவர் கதைக்குத் தரவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில் ட்ரீஸ் கண்டிப்பானவர். அப்படியும் 1958இல் எழுதிய ஆல்ஃபிரட் மன்னர் காலத்துக் கதையில் பாத்திரங்களை முயல்கறி சாப்பிடவைத்துவிட்டார். அக்கால இங்கிலாந்தில் முயலே இல்லை, நார்மானியர்தான் பிறகு கொண்டுவந்தார்கள் என்று அவருக்குச் சுட்டிக்காட்டியது ஒரு சிறுவர் வாசகர். பிள்ளைகள் அவ்வளவு கூர்மையாக வாசிப்பார்கள். ஆகவே உழைக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவின் ஆண்டறிக்கைகளில் கூலி விகிதமும் சாவு எண்ணிக்கையும் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. இவற்றில் இல்லாதது மனிதர் நினைவில் இருக்கிறது, அதற்குத்தான் காலக்கெடு. 1942இல் பத்து வயதாக இருந்தவர் இன்று 90ஐத் தாண்டியவர். மாசாயிலும் தெப்ராவிலும் தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. பிள்ளைகளுக்குக் காட்ட லயமும் இல்லை. நிலத்திலிருந்து அழிந்ததை நூலில் வைக்கும் வேலை யாருடையது?

மலாய் இலக்கியத்தில் இந்தத் தயக்கம் குறைவாகவே இருந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜொகூர் எழுத்தாளர் ஷாஹ்ரோம் ஹுசேன், தஞ்சோங் புத்ரியின் கூன் முதுகுக்காரன் ஒருவனை நாயகனாக்கி நாடகம் படைத்தார். 19ஆம் நூற்றாண்டு ஜொகூரில் ஆட்சியையும் அதற்குப் பின்னால் நின்ற ஆங்கிலேயரையும் எதிர்த்தவனின் கதை அது. அரச மரபு உயிரோடு இருக்கும் மாநிலத்திலேயே அதிகாரத்தை எதிர்த்த ஒரு கூனன் நாயகனாக முடிந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளின் கதையில் ஒரு தண்டலின் மகளோ, ஒரு பால்வெட்டுக்காரரின் மகனோ நாயகராக முடியாது என்று நாம்தான் தடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அரசு 2014 முதல் தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாற்றைத் தனிப்பாடமாக்கியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் அதைத் தமிழிலேயே படிக்கிறார்கள். பாடநூலால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அதன் பக்கத்தில் வைக்க நூல் வேண்டும். சிறுவர் நாவல் போட்டி நடத்துபவர்களும் நூலகத்துக்கு நூல் வாங்கும் தலைமையாசிரியர்களும் பதிப்பாளர்களும் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்றுண்டு. கடாரத்தை ஓராண்டு ஒதுக்கி வையுங்கள். 1942 ஜனவரி 31 காலை, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போன அன்று, கூலாய்த் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளை என்ன கேட்டது, என்ன கண்டது என்று எழுதச் சொல்லுங்கள். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் மஇகா தலைவர் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்வதா வேண்டாமா என்று ஒரு வீட்டில் நடந்த வாக்குவாதத்தை எழுதச் சொல்லுங்கள். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாமல் வேலை பெர்மிட்டும் கிடைக்காமல் ஊருக்குக் கப்பலேறிய குடும்பத்தில், பள்ளித் தோழியைப் பிரிந்த சிறுமியை எழுதச் சொல்லுங்கள். எழுதும் முன், அதைக் கண்ட ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதை ஒரே நிபந்தனையாக வையுங்கள். இந்த ஆண்டே வையுங்கள். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே.